அலையில்லாத இடமாகப் பார்த்துப் படுத்தது

மாட்டுங்கா,
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்பிற்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு,

பத்ரி சாஷ்டாங்கமாக நமஸ்கரித்து எழுதிக்கொள்வது. சாஷ்டாங்கம் என்பது இந்த முறை வெறும் மரியாதைக்கு எழுதியதல்ல. இரண்டு நாட்களாக என்னால் குப்புறப் படுக்க மட்டும்தான் முடிகிறது. இந்தக் கடிதத்தையும் அப்படிப் படுத்தபடியேதான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்தருளவும். இங்கு நானும் ஷ்யாமளாவும் அம்முவும் சௌக்கியம். முலுண்டில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

நேற்று தாங்கள் போன் செய்து, "குடும்ப குரூப்பிலே ஒரு வீடியோ வந்திருக்கே, பலகையிலே படுத்துண்டு கடல்லேருந்து வந்து மணல்லே முட்டிண்டு நிக்கற அந்தத் தொந்தி ஆசாமி நீதானே?" என்று கேட்டீர்கள். நான் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முதலில் அதற்கு மன்னிப்பு. ஷ்யாமளா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தத் தொந்தி ஆசாமி நான்தான். போனில் சொல்ல முடியாததால் நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். படித்தவுடன் கிழித்துவிடவும்.

ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு இடது தோள் பிடித்துக்கொண்டிருப்பது தாங்கள் அறிந்ததே. சட்டை போடவே ஒரு ஆள் வேண்டும். டாக்டர் நீச்சல் நல்லது என்றார். செம்பூரில் ஒரு நீச்சல்குளத்துக்குப் போனால், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்போது அம்மு, "அப்பா, ஞாயித்துக்கிழமை நான் போற இடத்துக்கு வாங்கோ. அங்கேயும் கையாலே தண்ணியைத் தள்றதுதான் வேலை, தோளுக்கு அதைவிட நல்ல எக்சர்சைஸ் கிடையாது" என்றாள். விராருக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரையில் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறார்களாம், அவள் நாலு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறாளாம். ஷ்யாமளாவிடம் எப்படிச் சொல்வது? ஜுஹு கடற்கரைக்குப் போனால்கூட பேல்பூரி வண்டியைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாள் அவள். ஆகவே நானும் அம்முவும் கூடிப் பேசி, செம்பூர் குளத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஐந்து வாரமாக தாதரில் ரயில் ஏறி விராருக்குப் போய்க்கொண்டிருந்தோம். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் இது, அத்திம்பேர். சின்னதெல்லாம் கணக்கில் இல்லை.

அங்கே டீச்சர் ஒரு பெண், சஃப்ரீன் என்று பெயர், அம்மு வயசுதான் இருக்கும். தாராவியில் வீடு. அவளுடைய வாப்பா ரஹ்மத்துல்லா அங்கேயே தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மகள் ஊர்க்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும்போது வாப்பா மணலில் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும் என்று அவரும் சேர்ந்துவிட்டார். எங்கள் பேட்ச்சில் ஐம்பது தாண்டியவர்கள் நாங்கள் இருவர்தான். மற்றதெல்லாம் இடுப்பே இல்லாத பிள்ளைகள். முதல் வாரம் முழுக்க மணலிலேயே படுக்கவைத்து நீச்சல் அடிக்கச் சொன்னாள். இதில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. போர்டில் முன்னாலே போய்ப் படுத்தால் அதன் மூக்கு தண்ணீருக்குள் குத்தி ஆள் தலைகுப்புற. பின்னாலே படுத்தால் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு போர்டு நகரவே நகராது. மூக்கு தண்ணீருக்கு மேலே மூணு விரல்கடை நிற்கிற மாதிரி ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து நடுவாகப் படுக்கணும், கால் இரண்டும் சேர்ந்திருக்கணும், மார்பு தூக்கணும், கையை நீட்டி ஆழமாக விட்டு இழுக்கணும், சும்மா மேலாகச் சளப் சளப்பென்று அடிக்கக்கூடாது. எனக்கு வலது கைதான் இழுக்கும், இடது கை பெயருக்கு முங்கும். ஆகவே என் போர்டு எப்போதும் இடது பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். "அங்கிள், தண்ணியைப் பாக்காதீங்க, எங்க போகணுமோ அங்க பாருங்க, போர்டும் அங்கதான் போகும்" என்று சஃப்ரீன் தொண்டை கட்டுமளவு கத்துவாள். இன்னொன்றும் சொல்லுவாள்: கரையில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு அடிக்கடி திரும்பிப் பார்க்கணும், இல்லாவிட்டால் தண்ணீர் நம்மை எங்கே கொண்டுபோகிறது என்றே தெரியாது. என் அடையாளம் நீலத் தார்பாய் போட்ட டீக்கடை.

இப்போ விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கிழமை அலை கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்தது. இடுப்பளவு தண்ணியிலேயே ரெண்டு தடவை என்னைப் புரட்டி எடுத்துடுத்து, மூக்குலே வாயிலே எல்லாம் உப்பு. ரஹ்மத்துல்லா பாய்க்கும் அதே கதி. லைஃப் ஜாக்கெட்லே மேல் பக்கிள் அவர் வயித்துக்கு எட்டலை, கீழே மட்டும் மாட்டிண்டிருந்தார். அவர்தான் காட்டினார்: "சார், அந்தா பாருங்க, அந்த எடத்துல மட்டும் அலையே இல்ல. தண்ணி தாம்பாளம் மாதிரில்லா கெடக்கு. பெரியவுகளுக்கு அதான் சரி." நானும் பாத்தேன். ரெண்டு பக்கமும் நுரை பொங்கிண்டு இருக்கு, நடுவிலே ஒரு நாப்பதடி அகலத்துக்கு அமைதியா இருக்கு. நம்ம வயசுக்குன்னே போட்டு வெச்ச ரோடு மாதிரி. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்லே ரிஸ்க்குன்னா என்னன்னு பார்ம் பார்மா படிச்சவன் நான், சந்தோஷமா அதிலே போய்ப் படுத்தேன். அப்பா, என்ன சுகம்! கை போடவே வேண்டாம், தானா போறது. பாய் பட்டறை பத்திச் சொல்றார், நான் தோள் பத்திச் சொல்றேன். கரையிலே சஃப்ரீன் ரெண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டறா. பக்கத்திலே அம்முவும் ஆட்டறா. எவ்வளவு மரியாதை தெரிஞ்ச குழந்தைகள்னு நாங்களும் பதிலுக்குக் கையை ஆட்டினோம்.

அப்புறம் பாய் திடீர்னு பேச்சை நிறுத்தினார். "சார், டீக்கடைய எங்க?" என்றார். பாத்தேன். நீலத் தார்பாய் தபால்தலை சைஸ்லே எங்கேயோ ஓரமா இருக்கு. கடல்லே அலை இல்லாத இடம்னா, கரைக்கு வந்த தண்ணியெல்லாம் திரும்பி உள்ளே ஓடற இடம்னு அர்த்தமாம், அத்திம்பேர். முதல் கிளாஸ்லேயே சொல்லிக்கொடுத்திருக்கா. அன்னிக்கு நான் தோளுக்குத் தைலம் தடவிண்டு இருந்தேன்.

பாய் பதறிப்போய்க் கரையைப் பாத்து நேரா கையைப் போட்டார். அவர் அடிக்க அடிக்க டீக்கடை இன்னும் சின்னதாத்தான் ஆச்சு. அவசரத்திலே பின்பக்கமா நகர்ந்துட்டார், போர்டு மூக்கு செங்குத்தா எழுந்தது, ஆள் உள்ளே. கால்லே கட்டியிருக்கற கயிறு இறுக்கறதுன்னு காலையிலேயே தளர்த்தி வெச்சிருந்தாராம், அது கழண்டு போர்டு தனியாப் போயிடுத்து. ஜாக்கெட் மேலே ஏறி காது ரெண்டையும் மூடிண்டுடுத்து. நான் "கையைக் காலை ஆட்டாதீங்கோ, மிதந்துண்டு இருங்கோ"ன்னு கத்தறேன், அவர் காதுலே விழலை. கண்ணு மட்டும் தெரியறது. மனுஷாளோட கண்ணு அப்படி ஆகி நான் பாத்ததில்லை.

எங்களுக்கு நடுவிலே ஒரு பதினைஞ்சு அடிதான் இருக்கும். நான் கையைப் போடறேன், போர்டு இடது பக்கமாச் சுத்தி அவரைத் தாண்டிப் போறது. திரும்பவும் போடறேன், திரும்பவும் சுத்தறது. அத்திம்பேர், அந்த நிமிஷத்திலே எனக்கு என்ன தோணித்து தெரியுமா? நான் முங்கினா ஷ்யாமளா என்னைச் செம்பூர்லே போய்த் தேடுவாளேன்னு தோணித்து. நீச்சல்குளத்து வாசல்லே நின்னுண்டு அந்த வாட்ச்மேன்கிட்டே அடையாளம் சொல்லுவா, நரைச்ச தலை, இடது கை தூக்கமுடியாதுன்னு. அப்போதான், நான் இவ்வளவு நேரமும் தண்ணியையே பாத்துண்டு கை போட்டிண்டிருக்கேன்னு உறைச்சது. தலையைத் தூக்கினேன். பாயோட கண்ணை விட்டு என் கண்ணை எடுக்கலை. இடது கையை, எலும்பு விட்டுப்போனாலும் போகட்டும்னு ஆழமா விட்டு இழுத்தேன். தோளுக்குள்ளே என்னமோ கிழிஞ்ச மாதிரி ஒரு சத்தம். போர்டு நேராப் போச்சு.

போன உடனே அவர் பக்கவாட்டிலே பிடிச்சு ஏறப் பாத்தார், ரெண்டு பேருமே கவுந்தோம். ரெண்டாவது தடவை அவர் காதுலேருந்து ஜாக்கெட்டைக் கீழே இழுத்துவிட்டு, "பாய், பின்னாடி பிடிங்கோ, பின்னாடி"ன்னேன். அவர் வால் பக்கமா மார்பைப் போட்டார். பளுவிலே மூக்கு தூக்கிடுத்து, நான் ஒரு சாண் முன்னாடி நகர்ந்து படுத்தேன், மட்டமா நின்னுது. நேரா அடிச்சா என்ன ஆகும்னு பாத்தாச்சே, அதனாலே கரைப் பக்கம் போகாம, கரைக்குப் பக்கவாட்டா, அந்த நுரை இருக்கற இடத்தைப் பாத்து நான் கையைப் போட, அவர் காலை உதைக்க, ரெண்டு கிழங்களுமா போறோம். மூச்சு வாங்கிண்டே அவர் சொன்னார்: "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆவட்டும் சார். எம் மவ பாத்துக்கிட்டுல்லா நிக்கா. பொறவு அவ வாழ்நாளுக்கும் தண்ணியில எறங்கமாட்டா. நாலு வருசம் நாந்தான் வேண்டாம் வேண்டாம்னு சண்டை போட்டேன், இப்பத்தான் சரின்னு சொன்னேன்." என்னைக் கூட்டிண்டு வந்தது அம்மு. அதையே நானும் நினைச்சிண்டிருந்தேன். "உதைங்கோ பாய்"ன்னு மட்டும் சொன்னேன்.

பாதி வழியிலே சஃப்ரீன் வந்துட்டா. மீன் மாதிரி வந்தா. பின்னாடியே அம்மு. சஃப்ரீன் முகத்திலே ரத்தமே இல்லை, ஆனா குரல் டீச்சர் குரல்தான். "வாப்பா, என் போர்டுக்கு மாறுங்க. அம்மு, நீ இந்தப் பக்கம் பிடி. அங்கிள், நீங்க தனியாத்தான் வரணும். ரெண்டு பேரை என்னால இழுக்க முடியாது. கரையைப் பார்த்துத் திரும்பிப் படுங்க. நான் சொல்றப்ப நாலு இழுப்பு, நிறுத்தவே கூடாது." நான் அம்முவைப் பாத்தேன். அவ அழுதுண்டே, "அப்பா, மூக்கு மூணு விரல்கடை"ன்னா. பின்னாடி ஏதோ உறுமித்து. "இப்ப!" ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலாவதுக்கு அந்த அலை என்னைக் கீழேருந்து அப்படியே தூக்கி எடுத்தது, அத்திம்பேர். மார்பைத் தூக்கினேன். அப்புறம் நான் ஒண்ணும் பண்ணலை. சத்தமே இல்லை. கரைதான் என்னைப் பாத்து ஓடி வந்தது. மணல்லே வந்து முட்டினப்போ டீக்கடைக்காரன் போன்லே படம் பிடிச்சிண்டு இருந்தான். அது எப்படியோ கை மாறிக் கை மாறி நம்ம குரூப்புக்கும் வந்துடுத்து, தாங்கள் பாத்தது அதைத்தான்.

பாயையும் கரை சேர்த்துட்டா. சஃப்ரீன் அவரைத் துண்டாலே துடைச்சிண்டே, கால் கயித்தை ஏன் தளர்த்தினீங்க, பக்கிளை ஏன் போடலைன்னு ஹிந்தியிலேயும் தமிழ்லேயும் மாத்தி மாத்தி வாங்கு வாங்குன்னு வாங்கினா. அவர் தலையைக் குனிஞ்சிண்டு "சரிம்மா, சரிம்மா"ன்னார். அப்புறம் அவளே அவர் மடியிலே முகத்தை வெச்சிண்டு குழந்தை மாதிரி அழுதா. திரும்பற ரயில்லே அந்தேரி தாண்டினப்போ அம்மு, "அம்மாகிட்டே யார் சொல்றது?"ன்னு கேட்டா. நான் சொல்றேன்னேன். இன்னும் சொல்லலை.

ஆகவே தாங்கள் பெரியவராக எனக்கு மூன்று உபகாரம் செய்யவேண்டும். அந்த வீடியோவை குரூப்பிலிருந்து எப்படியாவது நீக்கச் சொல்லவும். ஷ்யாமளா கேட்டால் அது யாரோ குஜராத்திக்காரர் என்று சொல்லவும். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு இங்கு வந்து, இந்தக் கடல் விவகாரம் இனி வேண்டாம் என்று அம்முவுக்கு எடுத்துச் சொல்லவும். தாங்கள் சொன்னால் கேட்பாள். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்துவிட்டேன். இனி இந்த ஜன்மத்தில் குளியலறை வாளியைத் தாண்டிய தண்ணீரில் கை வைக்கமாட்டேன்.

தாங்களும் அக்காவும் ஆரோக்கியமாக, தரையிலேயே, நெடுநாள் இருக்கவேண்டும் என்று பிரார்த்திக்கும்,
பத்ரி

பி.கு.: மேற்படி கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் ஷ்யாமளா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். மடித்துத் தலைமாட்டிலேயே திரும்ப வைத்தாள். பிறகு, "செம்பூர்லே குளிச்சிட்டு வரவா பாக்கெட்லே கிளிஞ்சல் எப்படி இருக்கும்னு முதல் வாரமே யோசிச்சேன்" என்றாள். நான் எழுந்து உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தாளா என்று தெரியவில்லை; ஆனால் நான் நெற்றிக்கு நேரே கூப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏன்னா, இடது கை மேலே போறதே!" என்றாள். நிஜமாகவே காது வரை போகிறது, அத்திம்பேர். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வரவேண்டாம். வீட்டில் யாரும் இருக்கமாட்டோம். வீடியோவையும் நீக்கவேண்டாம், நான் மார்பைச் சரியாகத் தூக்கியிருக்கிறேனா என்று சஃப்ரீன் பார்க்கவேண்டுமாம். அப்படியும் வந்தே தீர்வதென்றால் நேராக விராருக்கு வாருங்கள், ஷ்யாமளாவுக்குத் துணையாகக் கரையில் நிற்க அக்காவையும் கூட்டிக்கொண்டு. தங்களுக்கு மட்டும் ஒரு மாற்று வேட்டி கொண்டுவரவும்.