அத்தை எந்த வகை சிஸ்டம்?

நேர்முகத் தேர்வை வீட்டில் இருந்தபடியே முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவர் நிச்சயம் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டின் முன்னறை அப்பாவின் மளிகைக் கடை. பின்னறை என்னுடையது. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரை நம்பித்தான் கெட்டேன்.

எம்.இ. முடித்துவிட்டு ஏறி இறங்கிய கல்லூரிகளெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிக்கொண்டிருந்த சமயம். சாத்தான்குளத்திலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு மாப்பிள்ளையின் போட்டோவோடு வந்து இறங்கியிருந்தாள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. (புல்லட் வண்டியில் சாய்ந்து நின்ற விதம் மட்டும்... சரி, விடுங்கள்.) எனக்கு முதலில் வேலை வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கு ஆன்லைனில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். சிஸ்டங்களை அவற்றின் குணத்தை வைத்து வகைப்படுத்துவது என்பது தலைப்பு. ஒரு பக்கம் சிக்னல் உள்ளே போகும், மறுபக்கம் ஏதோ வெளியே வரும். நடுவில் இருப்பது சிஸ்டம். முன்னால் போனதை நினைவில் வைத்திருக்கிறதா, இன்னும் வராத சிக்னலுக்கு இப்போதே பதில் தருகிறதா (தந்தால் நான்-காசல்), அளவாகக் கொடுத்தால் அளவாகத் தருகிறதா (தந்தால் ஸ்டேபிள்) என்றெல்லாம் கேட்டுப் பிரிக்க வேண்டும். நானும் நல்ல பிள்ளையாக கெப்பாசிட்டரில் ஆரம்பித்தேன்.

தேர்வுக் குழுத் தலைவர் குறுக்கிட்டார். "மேடம், கெப்பாசிட்டர் இருக்கட்டும். பசங்களுக்குப் புரியிற மாதிரி, வீட்ல பார்க்கிற உதாரணமா சொல்லுங்களேன்."

பதற்றத்தில் என் நாக்கு நேராகக் குடும்பத்துக்குள் போய்விட்டது.

"எங்க அப்பா மெமரி இல்லாத சிஸ்டம் சார். காலையில சொன்னது மத்தியானம் இருக்காது. அம்மாவுக்கு மெமரி உண்டு. இன்னைக்குக் குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னா, கல்யாணத்தன்னைக்கு அப்பா வீட்டுக்காரங்க சொன்னதும் சேர்ந்து வெளிய வரும்."

தலைவர் சிரித்துவிட்டார். யாராவது சிரித்துவிட்டால் எனக்கு அப்புறம் கால் தரையில் நிற்காது.

"எங்க அத்தை நான்-காசல் சார். நாளைக்கு நடக்கப்போறதுக்கு இன்னைக்கே திட்டுவாங்க. ஸ்டேபிளும் கிடையாது. 'சாப்பிட்டீங்களா அத்தை'ன்னு நாம அளவாத்தான் கேட்போம். வர்ற பதிலுக்கு அளவே கிடையாது!"

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் காதுகுத்தோ கோயில் கொடையோ, ஸ்பீக்கர் கட்டாமல் நடந்தால் நடந்ததாகவே சேர்த்தி இல்லை. மகள் முதன்முதலாக வகுப்பு எடுக்கிறாள், தெருவுக்குக் கேட்க வேண்டாமா? முந்தின நாளே "அந்த லிங்கை எனக்கும் அனுப்புளா, சும்மா பாக்கேன்" என்று வாங்கி வைத்திருந்தார். சர்க்கரை வாங்க வந்தவரை அனுப்பிவிட்டு, அத்தைக்கு ஸ்டூல் போட்டு, போனைக் கடையின் பெரிய ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்துச் சத்தத்தை முழுக்கத் திருகினார். அப்போது நான் சரியாக அத்தையில் இருந்தேன்.

நெட் நிதானமாகச் சுற்றி வந்ததால், நான் சொல்லி முடித்த பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல் கேட்டது. "அளவே கிடையாது!" அது என் மைக்கில் ஏறி, ஊரெல்லாம் சுற்றி, மறுபடி பெட்டிக்குள் இன்னும் பலமாக வந்தது. பின்னாலேயே அத்தை.

"யாருக்குளா அளவு கிடையாது? வெளிய வாளா!"

அதுவும் என் மைக்கில் ஏறியது. சற்று நேரத்தில் பெட்டி அத்தையைப் பார்த்து "வெளிய வாளா!" என்றது. அத்தை பெட்டியோடு சண்டைக்குப் போனாள்.

"எவளா அவ, என்னைய வெளிய கூப்பிடுதது?"

பெட்டி அதையே திருப்பிக் கேட்டது, இன்னும் சத்தமாக. அத்தை விடவில்லை, பெட்டியும் விடவில்லை. கடைசியில் வார்த்தையெல்லாம் கரைந்து ஊளை மட்டும் மிஞ்சியது. துறைமுகத்துக் கப்பல் தெருவுக்குள் வந்துவிட்டதோ என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாராம்.

திரையில் குழுவினர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கடைக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"நல்லாத்தான போய்க்கிட்டு இருந்துச்சு?" என்றார் அப்பா.

வேலை போய்விட்டது என்று தெரிந்தேதான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஒண்ணு கேட்டோமே, அது எந்த வகை சிஸ்டம் மேடம்?" என்றார்.

போனது போகட்டும் என்று துணிந்துவிட்டேன். "மைக், நெட், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு லூப் சார். ஒவ்வொரு சுத்துக்கும் சத்தம் கூடிக்கிட்டே போகுது, அதனால ஸ்டேபிள் இல்ல. முன்னாடி பேசினது இப்ப வருது, அதனால மெமரி உண்டு. நான் போய் லூப்பை வெட்டிட்டு வந்தேன்."

"அத்தை?"

"அவங்க தனி சிஸ்டம் சார். அவங்கள வெட்ட முடியாது."

"சொல்லி அனுப்புறோம்" என்றார்.

வெளியே வந்தால் அத்தையைக் காணோம். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள் என்றே நினைத்தோம். சாயங்காலம் கையில் மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, மீதியை எங்களுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

"எம் மருமவளுக்கு வேலை கெடச்சிட்டுல்லா!"

"ஐயோ, யாரு அத்தை சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாளைக்கு நடக்கப்போறது எனக்கு இன்னைக்கே தெரியும்னு நீதானளா அந்த சாருட்ட சொன்ன?"

அதன் பிறகு ஒரு வாரம் நான் தெருவில் தலைகாட்டவில்லை. மக்ரூன் தின்ற வாயெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. வேலை உத்தரவு மின்னஞ்சலில் வந்தபோது சந்தோஷம் பிறகுதான் வந்தது, முதலில் போன உயிர் திரும்பி வந்தது. (அந்த புல்லட் போட்டோக்காரரைத்தான் அப்புறம் கட்டிக்கொண்டேன். அதையும் அத்தை முதலிலேயே சொல்லியிருந்தாள்.)

இப்போது அதே கல்லூரியில் அதே பாடம் நடத்துகிறேன். வரப்போகும் சிக்னலுக்கு முன்கூட்டியே பதில் தரும் சிஸ்டத்தை நிஜத்தில் கட்டவே முடியாது என்று புத்தகத்தில் இருக்கிறது. மாணவர்களிடம் அப்படியே சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில்தான் யாரும் அதை நம்புவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது, காரணமே இல்லாமல் அத்தை மக்ரூன் பெட்டியோடு வந்து இறங்கினாள். அப்பா கடையிலிருந்தே கத்தினார்:

"ஏளா, ஒங்க அத்தை மக்ரூனோட வந்திருக்கா! வீட்ல யாருக்கு என்ன ஆகப்போவுதுன்னு சீக்கிரம் யோசி!"