தலைவலி மாத்திரை

"இது யாரோட மாத்திரை?" என்று மாமியார் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். பெரிய சண்டையோடுதான் முடிந்திருக்கும். ஆனாலும் முடிந்திருக்கும்.

சொல்ல வாயெடுத்தாள் மருமகள். பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவள். கோபம் வந்தால் காரம் தாங்காது என்று அங்கே எல்லாரும் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். ஆனால் மிளகாய் வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் முந்திக்கொண்டான்.

"தலைவலி மாத்திரைம்மா. இவளுக்கு அடிக்கடி மண்டையிடி."

அது கருத்தடை மாத்திரை. மிளகாய்க்கு ஷிப்ட் இன்சார்ஜ் பதவி வருகிற நேரம். பாக்கிங் பிரிவில் இதுவரை ஒரு பெண்ணுக்கும் கொடுக்காத பதவி. அது கைக்கு வந்து கொஞ்சம் காலூன்றட்டும், அப்புறம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. இதில் திருட்டு இல்லை, புரட்டு இல்லை. அந்த மனுஷன் மட்டும் திருடனைப் போல முழித்தான்.

அறைக்குள் போனதும் மிளகாய் கதவைச் சாத்தினாள்.

"நீங்க பயாலஜி வாத்தியார்தானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"கருத்தடை மாத்திரைன்னு சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா?"

"ஐயோ, மெதுவா பேசு! அம்மா காதுல விழும்."

"விழட்டுமே!"

"பெத்த அம்மாகிட்டப் போய் அந்த வார்த்தையை எப்படிடீ சொல்றது?"

பெற்ற அம்மாவிடம் என்ன, பெறாத பிள்ளைகளிடமும் அவன் சொன்னதில்லை. வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "இதை நீங்களே வீட்டுல படிச்சுக்கங்க" என்று நான்கு பக்கத்தை மொத்தமாகப் புரட்டிவிட்டு நேராக மண்புழுவுக்குப் போய்விடுகிறவன். மாத்திரை வாங்குவதற்குக்கூட, தெரிந்த கடை வேண்டாம் என்று பஸ் ஏறிப் போவான். அங்கேயும் கடைக்காரரிடம் "அது ஒண்ணு குடுங்க" என்பான். அவர் ஏதோ வெடிகுண்டைக் கொடுப்பது போல அட்டையைப் பேப்பரில் சுற்றி, பேப்பரைக் கறுப்புப் பையில் போட்டு, பையை மடித்து நீட்டுவார். படித்தவர்களின் லட்சணம் இது! 'தடுத்துக்கறாங்க' என்பார்கள், 'தள்ளிப் போட்டிருக்காங்க' என்பார்கள், 'நிறுத்திட்டாங்க' என்பார்கள். எதைத் தடுக்கிறார்கள், எதை நிறுத்தினார்கள் என்று மட்டும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் மாமியாருக்குத் தலைவலி வந்தது.

மிளகாய் வேலை முடிந்து வந்தபோது அத்தை கட்டிலில் சௌகரியமாகச் சாய்ந்திருந்தார். "உன் மாத்திரை ரெண்டு போட்டேன்டி. கைமேல கேட்டுச்சு! எதிர் வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் தலை பாரம்னா. அவளுக்கும் ஒண்ணு குடுத்தேன்."

மிளகாய்க்குத் தலை சுற்றியது. "அத்தை, இனிமே அதைத் தொடாதீங்க. அது தலைவலி மாத்திரை இல்ல."

"பின்னே என்னது?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் அந்த மகானுபாவன் உள்ளே புகுந்தான்.

"அது வந்தும்மா... பொம்பளைங்க மாத்திரை. இவளுக்குக் கர்ப்பப்பையில சின்னக் கோளாறு. அதுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது."

மிளகாய் அவனைப் பார்த்த பார்வையில் வேறொருத்தனாக இருந்தால் பொசுங்கியிருப்பான். ஆனால் அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற மாமியார், எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஏண்டி இதை எங்கிட்ட சொல்லல? நான் படாத பாடா? இவன் ஒருத்தனைப் பெத்ததோட சரி, அப்புறம் என் வயிறு திறக்கவே இல்ல. போகாத டாக்டர் இல்ல, குடிக்காத கசப்பு இல்ல. ஒத்தப் பிள்ளைக்காரி, ஒத்தப் பிள்ளைக்காரின்னு ஊரே பேசிச்சு. என் மாமியார் கண்ணை மூடற வரைக்கும் என்னைப் பாதி மலடின்னுதான் கூப்பிட்டாங்க."

மூலையில் மாமனார் மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். வீட்டில் பெண்கள் விஷயம் என்று பேச்சு எழுந்தால் போதும், திருப்புளியைத் தேடி எடுத்து எதையாவது கழற்ற உட்கார்ந்துவிடுவார். அதனாலேயே அந்த மிக்ஸி பல தடவை செத்துப் பிழைத்திருக்கிறது.

அழுகிற மனுஷியிடம் எப்படிச் சொல்வது? மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதற்கான தண்டனை மறுநாள் காலையிலேயே ஒரு டம்ளரில் வந்தது. பச்சையாக, கொழகொழவென்று, வாயருகே கொண்டுபோனாலே குமட்டுகிற ஒரு கஷாயம்.

"ஒரே மடக்கா குடிச்சிடு. கர்ப்பப்பைக்கு நல்லது."

"அத்தை, எனக்கு..."

"குடிடீன்னா!"

குடித்தாள். அதைக் குடித்த வயிற்றெரிச்சலோடு தெருவில் இறங்கினால், தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மனசைத் தளர விடாதேம்மா. என் தம்பிகிட்டயும் சொல்லியிருக்கேன், உனக்கு இலேசான வேலையா பாத்துக் குடுடான்னு."

தையல்காரம்மாவின் தம்பிதான் பிஸ்கட் தொழிற்சாலையின் மேனேஜர்.

மிளகாய் போன கையோடு கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த ஆள் உட்காரச் சொன்னாலே ஆபத்து என்று பாக்கிங் பிரிவில் எல்லாருக்கும் தெரியும்.

"உடம்பு முக்கியம்மா. ஷிப்ட் இன்சார்ஜ்னா அலைச்சல், நின்னுக்கிட்டே இருக்கணும். உனக்கு இந்தக் கோளாறெல்லாம் இருக்கும்போது... இந்தத் தடவை வேற ஆளைப் போட்டுக்கறோம்."

வேறு ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். கிரீம் பிஸ்கட்டையும் உப்பு பிஸ்கட்டையும் ஒரே பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றிய மகராசன். எட்டு வருஷ உழைப்பு, ஒரு வாத்தியாரின் கோழைத்தனத்தால் அவன் மடியில் போய் விழப்போகிறது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"சார், எனக்கு ஒரு கோளாறும் இல்ல. நான் சாப்பிடறது கருத்தடை மாத்திரை."

மேனேஜர் பதறி எழுந்து ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகுதான், ஒரு பெண்ணோடு மூடிய அறையில் நிற்கிறோம் என்று உறைத்தது. திறந்தார். வெளியே காதுகள் தெரிந்தன. பாதி சாத்தினார்.

"ஆபீஸ்ல பேசற பேச்சாம்மா இது?"

"என் கர்ப்பப்பையைப் பத்தி நீங்க பேசலாம், நான் முழுங்கற மாத்திரையைப் பத்தி நான் பேசக் கூடாதா?"

"நோய்ன்னா அது வேற. பாவம்னு பேசறோம். இது வந்து... குடும்பப் பொண்ணு வாயில வர்ற வார்த்தையா?"

"குடும்பப் பொண்ணுங்கதான் சார் இதைச் சாப்பிடுவாங்க!"

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, சரி. உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வா. திங்கக்கிழமைக்குள்ள வரணும். இல்லேன்னா அவன்தான்."

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு டாக்டர்கிட்டப் போறேன்" என்றாள். மாமியார் புடவையை எடுத்து வைத்துவிட்டார். "நானும் வர்றேன். தனியா போனா நீ பாதியைத்தான் கேட்டுட்டு வருவே. என்னங்க, நீங்களும் கிளம்புங்க."

வாத்தியாருக்கு வியர்த்தது. இந்தத் தடவை கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தான். டாக்டருக்கே போன் போட்டான்.

மறுநாள் நான்கு பேரும் அறைக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். நரைத்த தலை, உரத்த குரல்.

"யாரு அந்த பயாலஜி வாத்தியார்?"

வாத்தியார் பின்வரிசை மாணவனைப் போல மெல்லக் கையைத் தூக்கினான்.

"அம்மா முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க டாக்டர்னு எனக்கே பாடம் எடுக்கறீங்களா? வெட்கமா இல்ல? இந்தாங்கம்மா, நல்லா கேட்டுக்கங்க. உங்க மருமகளுக்கு ஒரு நோயும் இல்ல. கல்லு மாதிரி இருக்கா. குழந்தை இப்ப வேண்டாம்னு கருத்தடை மாத்திரை சாப்பிடறா. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

சர்டிபிகேட்டைச் சரசரவென்று எழுதிக் கிழித்து நீட்டினார். மிளகாய் அதை வாங்கக் கை நீட்டினாள். மாமியாரின் கை முந்திக்கொண்டது.

"அப்ப நான் போட்டுக்கிட்டது?"

"அதுவும் அதுதாம்மா," என்றான் மகன், தரையைப் பார்த்து.

"தையல்காரிக்குக் குடுத்தது?"

"அதுவும்தான்."

மாமியாரின் முகம் சிவந்தது. "எவ்வளவு திமிர் இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை இப்படி முட்டாளாக்குவீங்க! நேத்து வரைக்கும் உனக்காக அழுதிருக்கேனேடி!"

"அழுதீங்க அத்தை. அதுதான் எனக்குப் புரியல. நோயாளின்னா கட்டிப் பிடிச்சு அழுவீங்க. நல்லா இருக்கேன், இப்ப வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன்னா அடிக்க வருவீங்களா?"

"ஆமாண்டி! நோய்ன்னா நாலு பேர் பாவம்னு சொல்லுவாங்க. வேண்டாம்னு சொன்னா காறித் துப்புவாங்க. முப்பது வருஷம் துப்பு வாங்கினவ நான், எனக்குத் தெரியாதா? எல்லாம் வேலைக்குப் போற கொழுப்பு. இன்சார்ஜும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாளைக்கே வேலையை விடற!"

"விட மாட்டேன்."

"நான் ஒண்ணே ஒண்ணு குடுன்னு கெஞ்சி அழுதிருக்கேன். இடுப்பெல்லாம் ஊசி குத்திக்கிட்டேன். உனக்கு மடியில வந்து விழறது வேண்டாமா? இதைக் கிழிச்சுப் போட்டாத்தான் நீ வழிக்கு வருவே!" மாமியார் சர்டிபிகேட்டை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு எதுக்கு அவ்வளவு ஊசி? என்ன கோளாறுன்னு சொன்னாங்க?"

மாமியாரின் கை நின்றது. "ஒரு கோளாறும் இல்லேன்னுதான் சொன்னாங்க. எல்லா டாக்டரும் அதையேதான் சொன்னாங்க. அப்படியும் உண்டாகலையே."

"உங்க வீட்டுக்காரரைப் பரிசோதிச்சாங்களா?"

"அவரை எதுக்கு? அவருக்கு என்ன குறை? சிங்கக்குட்டி மாதிரி ஒரு பிள்ளையைக் குடுத்தவர். குறையெல்லாம் என்கிட்டதான். அதான் ஊரே சொல்லிச்சே!"

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து நின்றார். இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். மனைவியின் கையிலிருந்த சர்டிபிகேட்டை மெல்ல உருவி மருமகளிடம் கொடுத்தார்.

"பிரசவத்துல நீ செத்துப் பொழச்சதைப் பாத்து பயந்து, இவனுக்கு மூணு மாசம் இருக்கறப்பவே நான் போய்க் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்," என்றார் அவர். "அதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இன்னும் யோசிச்சிக்கிட்டே இருக்கேன்."