'காணும்' அண்ணையும் என் கேம் கொம்பியூட்டரும்

வாடிக்கையாளர் கூடுதலாகச் செலவழித்துவிடுவாரோ என்று பயந்து நடுங்கிய வியாபாரி, கொழும்பு மாநகரத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரை எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில் பாகம் பாகமாகக் கொம்பியூட்டர் பூட்டி விற்றவர். பெயர் என்னவோ இருந்தது. எல்லோருக்கும் அவர் 'காணும்' அண்ணை. எங்கள் பேச்சில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். மனுசன் வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் விழும்.

தேநீருக்குச் சீனி போட்டால் காணும். கீழே சலூனில் முடி வெட்டக் குந்தினால், ஒரு பக்கம் முடிந்ததுமே "காணும் தம்பி" என்று எழும்பிவிடுவார். அதனால் அவருக்கு எப்போதும் இடது காதுப் பக்கம் முடி கொஞ்சம் கூட. தன் கல்யாணத்தில் கெட்டிமேளக்காரரைப் பார்த்தும் "காணும்" என்று கை காட்டினாராம். இதைச் சொன்னது அவருடைய மனைவி. சொல்லும்போது அவ சிரிக்கவில்லை.

போர்க்காலம் அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கி, துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தேன். வேலை முடிந்ததும் நேரே அறைக்குப் போய்விட வேண்டும், தெருவில் நிற்கக்கூடாது என்று அம்மா போனில் சத்தியம் வாங்கியிருந்தா. அறைக்குள் கிடந்து என்ன செய்வது? கார் ஓட்டும் கேம் விளையாடலாம் என்று போனஸ் காசோடு அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, இருக்கிறதிலேயே வேகமான புரொசெசரைப் போடுங்கோ."

"உம்மட மொனிட்டர் எத்தினை இஞ்ச்?"

"பதினைஞ்சு. பழசுதான்."

"அறையில ஃபேன் இருக்கோ?"

"இருக்கு. ஆனா சுத்தாது."

பரிதாபமாகப் பார்த்தார். "கட்டில் போட்டா கதவு திறக்கேலாத அறைக்கு ஆரும் கல்யாண மண்டபக் கதவு போடுவினமோ? அந்தப் பெரிய புரொசெசர் சூட்டில வெந்துபோகும். இந்த நடுவில இருக்கிறது உமக்குக் காணும். மிச்சக் காசைப் படம் காட்டுற கார்டுக்குப் போடும். கேமுக்கு அதுதான் உயிர்."

எனக்குச் சரியான கோபம். புறக்கோட்டையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நாநாவுக்கும் இப்படித்தான் நடந்தது. "நீங்க பில்லுத்தானே அடிக்கப் போறீங்க, காணும்" என்று அண்ணை சொல்லப்போய், அவர் முறைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்த கிழமை அவரே கொம்பியூட்டர் வாங்க இரண்டு மச்சான்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கதை தெரிந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

பூட்டி முடித்த பெட்டியை அண்ணை சும்மா தரமாட்டார். சூடு பார்க்கிறேன் என்று, ஒரு கையைப் பெட்டியில் வைத்தபடி மறு கையால் இரண்டு மணித்தியாலம் கேம் ஓட்டுவார். ஐயோ, அந்த ஓட்டம்! ரேஸ் கார் சிவப்பு லைட்டுக்கு நிற்கும். பாதசாரிக்கு வழி விடும். என்னுடைய பெட்டியில் ஓட்டும்போது திரையில் பொலிஸ் கார் ஒன்று சைரனோடு துரத்தியது. அண்ணை காரை ஓரங்கட்டினார். அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிட்டது.

"அண்ணை, இது கேம்!"

"தெரியும் தம்பி. எண்டாலும் நிக்கிறது நல்லது."

நான் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் மேசையில் கிடந்த பில்லை எடுக்க மறந்து, பெட்டியோடு ஓட்டோவில் ஏறிவிட்டேன்.

வழியில் சோதனைச் சாவடி. பெட்டிக்குள் வயர், சுற்றும் விசிறி, மினுங்கும் லைட். கையில் பில் இல்லை. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். அரை மணித்தியாலத்தில் நான் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்தேன். இப்படி உள்ளே போய் மாதக்கணக்கில் வெளியே வராதவர்களை எனக்குத் தெரியும். அம்மாவின் குரல்தான் காதுக்குள் கேட்டது. ஒரு போன் எடுக்க விட்டார்கள். அண்ணைக்கு எடுத்தேன். எடுத்தேனே தவிர, கேம் பொலிஸுக்கே அட்டை நீட்டுகிற மனுசன் இங்கே வருவாரா என்று நினைத்தேன்.

வந்தார். ஒரு கையில் பில், மறு கையில் ஸ்க்ரூ டிரைவர். இன்ஸ்பெக்டர் முன்னால் பெட்டியைக் கழற்றி, இது விசிறி, இது கார்டு, இது புரொசெசர் என்று சிங்களத்தில் வகுப்பே எடுத்தார். பில்லையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்த இன்ஸ்பெக்டரின் முகம் இளகியது. தன் மகனும் கேம் விளையாடக் கொம்பியூட்டர் கேட்கிறான், ஆக விலை கூடிய புரொசெசரையே போட்டுவிடட்டுமா என்று கேட்டார்.

அண்ணை, இன்றைக்கு மட்டும் "ஓம், அதையே போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கோ என்று நான் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தேன்.

அண்ணை கேட்டார்: மொனிட்டர் எத்தனை இஞ்ச்? அறையில் ஃபேன் இருக்கிறதா? பதிலைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "சேர், புதாட்ட மேக்க எத்தி."

சேர், மகனுக்கு இது காணும்! சிங்களத்திலும் அதே சொல். என் பெட்டியைத்தான் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு கடதாசித் துண்டை எடுத்து, நடுவில் இருக்கிற அந்தப் புரொசெசரின் பெயரை எழுதிக்கொண்டார். இவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்று வாசலில் நின்ற கொன்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு, எங்களைப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

வெளியே வந்து பார்த்தால் அண்ணையின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். அந்தப் பயத்தோடேயே, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வரை என்னோடு ஓட்டோவில் வந்தார். இடையில் மூன்று சாவடி. மூன்றிலும் என்னை முந்திக்கொண்டு அவர்தான் அட்டையை நீட்டினார்.

அந்தக் கொம்பியூட்டர் எட்டு வருசம் ஓடியது. சுற்றாத ஃபேனுக்குக் கீழே ஒருநாளும் சூடேறி நிற்கவில்லை. அறை வாசலில் அன்றைக்கு நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, இந்த உதவிக்கு நான்..." என்று தொடங்கினேன். "காணும், காணும்" என்று கையை உருவிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

காணாது அண்ணை.