தேரிக்குப் போன பம்பர்

முஸ்தீபுக்காரர் என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். போகிற இடத்தைவிடப் போவதற்கான ஏற்பாட்டின் மேல்தான் அவருக்குத் தீராத காதல். மலையேறப் போகிறேன் என்று பூட்ஸ் வாங்குவார், பூட்ஸுக்குப் பாலிஷ் வாங்குவார், பாலிஷுக்கு மூன்று வகை பிரஷ் வாங்குவார். மலை அதுபாட்டுக்கு அங்கேயே நிற்கும். இந்த இனத்தில் முதல் தாம்பூலத்துக்கு உரியவர், வடகரையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் தென்காசி குத்தாலிங்கம்.

அவர் ஓர் எஸ்.யூ.வி. வாங்கினார். வாங்கிய அன்றே அதன் பம்பர் அவருக்குப் பிடிக்கவில்லை. அரபு நாட்டு மணல்மேடுகளில் வண்டிகள் பாய்ந்து ஏறும் வீடியோக்களை மண்டியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, வண்டியின் மூக்கு தாழ்ந்திருந்தால் மணல்மேட்டில் முட்டும், ஆகவே கம்பெனி பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பில் ஒன்று தூக்கிக் கட்ட வேண்டும் என்ற ஞானத்தை அடைந்தார். உள்ளூர் ஹம்தான் பட்டறையில் வெல்டிங் பொறி பறந்தது. பின்னாலும் அப்படியே ஒன்று. இந்த மூக்குக் கணக்குக்கு ‘அப்ரோச் ஆங்கிள்’ என்று பெயராம். பெயரைக் கற்ற நாள்முதல் பால் வாங்கப் போனாலும் அப்ரோச் ஆங்கிள், துஷ்டி கேட்கப் போனாலும் அப்ரோச் ஆங்கிள். “பம்பர் அமைஞ்சுட்டா பாதிப் பாலைவனம் தாண்டினாப்ல” என்று, பாடையைத் தூக்கக் காத்திருந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அந்த வண்டியில் பின்சக்கரம் இரண்டுக்குத்தான் இழுவை உண்டு. அதை யாராவது நினைவூட்டினால் பேச்சைத் தேங்காய் விலைக்கு மாற்றிவிடுவார்.

தென்காசியில் ஏது பாலைவனம் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஆடிச் சாரலில் இரும்பு துருப்பிடிக்காமலிருக்க, பாலைவன பம்பருக்குப் பாலிதீன் உறை தைத்துப் போட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஐந்தருவிக்குப் போனால் குளிக்க இறங்கமாட்டார். எண்ணெய் தேய்த்துக்கொண்ட யாராவது பம்பரில் சாய்ந்துவிடக் கூடாதே என்று குடைபிடித்து நிற்பார். ராணுவத்தில் சேர்ந்து, ஜெய்சால்மர் பாலைவனத்திலிருந்து விடுப்பில் வந்த சித்தப்பா மகன் விஜயசங்கருக்கும் பாலைவனத்தில் வண்டி ஓட்டுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

ஆனால் குத்தாலிங்கத்தின் கையில் ஒரு பாலைவனம் இருக்கத்தான் செய்தது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல், அதன் நடுவில் அவர்கள் குலதெய்வமான சாஸ்தா. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பமே அங்கே கூடும். எல்லோரும் தார்ச்சாலை ஓரத்தில் வண்டியை விட்டுவிட்டு, கூப்பிடு தூரம்தான், மணலில் நடந்து போவார்கள். இந்த வருஷம் தன் வண்டி சந்நிதி வாசலில்தான் போய் நிற்கும் என்று அவர் சபதம் செய்திருந்தார்.

இந்த வருஷம் சும்மா வருஷமும் இல்லை. அவருடைய ஒரே தங்கை ஸ்ரீமதி, வேண்டாத தெய்வமில்லாமல் வேண்டி, வெகுகாலம் கழித்துப் பெற்ற பெண்குழந்தைக்கு அங்கே காதுகுத்து. குழந்தையை மடியில் வைக்க வேண்டியவர் தாய்மாமன். அந்த மடிக்காகத்தான் தங்கை அண்ணன் வீட்டுக்கு மூன்று தடவை வந்து அழைத்திருந்தாள். அவரும் ஆசையாகப் பட்டுவேட்டி எடுத்து வைத்திருந்தார். வேட்டியும் பம்பரும் ஒரே நாளில் அரங்கேறும் என்பது திட்டம்.

அன்று காலை, சாலையோரம் நின்ற வண்டிகளை எல்லாம் ஏளனமாகப் பார்த்தபடி குத்தாலிங்கம் தேரிக்குள் இறங்கினார். பம்பர் எதிலும் முட்டவில்லை. அந்தப் பெருமையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். முட்டாமல் போய், தன் கனத்திலேயே முன்பக்கம் மணலுக்குள் அமிழ்ந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரங்கள் தமக்குத் தாமே குழி தோண்டிக்கொண்டன. பார்த்தால், எதிரே கோயில் பந்தல் தெரிகிறது. மைக்கில் தாய்மாமனைக் கூப்பிடுவதும் கேட்கிறது.

மனைவி சண்முகசுந்தரி சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

“நல்ல நேரம் போவுது. வாரியளா, இல்ல இந்த இரும்புக்குக் காவல் இருக்கியளா?”

“நீ முன்னால போ. ஒரு தள்ளு தள்ளினா ஏறிரும். வாசல்ல வந்து இறங்குதேன் பாரு.”

இறங்கி நடந்திருக்கலாம். அவருக்கும் தெரியும். ஆனால் இத்தனை நாள் பேசிய வாயோடு, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாலையோரத்துச் சின்னக் கார்க்காரர்களுடன் சேர்ந்து நடப்பதா? கால் வரவில்லை. கையால் மணலை அள்ளினார், சக்கரத்தடியில் வைக்கத் தென்னமட்டையைத் தேடினார், போகிறவர் வருகிறவரை எல்லாம் தள்ளச் சொன்னார். ஸ்ரீமதி அனுப்பி, விஜயசங்கர் ஓடி வந்தான்.

“அண்ணே, ஜெய்சால்மர்ல எங்க வண்டி மாட்டிக்கிட்டாலும் இறங்கி நடக்கத்தான் செய்வோம். வாங்க. பிள்ளை அழுதுக்கிட்டு கெடக்கு.”

“அஞ்சு நிமிஷம்லே” என்றார் குத்தாலிங்கம், நிமிராமலே.

அவன் திரும்பிப் பந்தலுக்குப் போனான். பிறகு பந்தலிலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. அதோடு ஒரு குழந்தையின் வீறிடலும். முழங்கை வரை மணலில் இருந்த குத்தாலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். யார் மடி என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டிராக்டர் வந்து இழுத்துவிட்டு, அவர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை விஜயசங்கர் மடியிலேயே தூங்கிப் போயிருந்தது. காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. அவர் கையை நீட்டினார். குழந்தை தூக்கத்திலேயே சிணுங்கி, அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஸ்ரீமதி அண்ணனுக்கு இலை போட்டுப் பொங்கல் வைத்தாள். அவர் பொங்கலை விரலால் அளைந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“பம்பர் முன்னால, கம்பி போட்டு வண்டிய இழுத்துவிடுத வின்ச் ஒண்ணு மட்டும் இருந்திருந்தா...”

சிரிக்கிறீர்கள். உங்கள் பேத்தி பள்ளி மேடையில் ஆடியபோது, ஆட்டம் முடியும்வரை படமெடுக்க வைத்த கைபேசியின் தாங்குகாலைத் திருகிக்கொண்டிருந்தவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. சிரியுங்கள், தப்பில்லை. முதலில் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டு சிரியுங்கள்.