பொட்டலம் அங்கிள் ஆள் எண்ணும் முறை

அமெரிக்காவுக்குக் குடிவந்த தமிழர்களில், முப்பது பேரைச் சுற்றுலா கூட்டிப்போய் முப்பது பேரையும் வீடு கொண்டுவந்து சேர்க்கும் திறமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அடித்துச் சொல்வேன். அவருடைய நிஜப் பெயர் எங்கள் பேர்லேண்ட் ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவியே போனில், "பொட்டலம் ஆன்ட்டி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அங்கிள் சேலத்துக்காரர். ஹூஸ்டன் பக்கம் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் சேஃப்டி இன்ஜினியர். எங்கே எது வெடிக்கும் என்று வாரத்தில் ஐந்து நாள் யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மீதி இரண்டு நாள் அதே வேலையை எங்களுக்கு இலவசமாகச் செய்தார். லாங் வீக்கெண்ட் வந்தால் போதும், நாலு வேன், ஒரு பெரிய நீல நிற கூலர், கழுத்தில் ஒரு விசில். டூர் கிளம்பிவிடும்.

அவருக்கு முன்னால் எங்கள் ஆட்கள் தலையை எண்ணித்தான் கிளம்பினார்கள். அந்தக் காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் போய் வந்தபோது ஒருவருடைய மச்சினரை லூசியானாவில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் மறந்து வைத்துவிட்டு நூறு மைல் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வேன்காரரும் அடுத்த வேனில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டதன் விளைவு. அந்த மச்சினர் அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

"தலையை எண்ணினா தப்பும்ப்பா" என்பார் அங்கிள். "தலை ஆடும், திரும்பும், பாத்ரூம் போகும். வாயை எண்ணணும். புளியோதரை வேணாம்னு சொல்ற தமிழன் இன்னும் பொறக்கல."

முறை இதுதான். எத்தனை பேரோ அத்தனை புளியோதரைப் பொட்டலம். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. திரும்பும்போது வேன் கதவுக்குப் பக்கத்தில் கூலரோடு நிற்பார். ஏறுகிற ஆளின் கையில் ஒன்று. கூலர் காலியானால் விசில். ஒரு பொட்டலம் மிஞ்சினாலும் வண்டி நகராது.

யார் ஏறுகிறார்கள் என்று அவர் பார்ப்பதே இல்லை. பார்வை முழுக்கப் பொட்டலத்தின் மேல்தான். ஒருமுறை ஏகாதசி விரதம் என்று ஓர் ஆன்ட்டி வாங்க மறுத்துவிட்டார். "சாப்பிடச் சொன்னேனா? கையில வாங்குங்க. வாங்கினாதான் நீங்க வந்ததா அர்த்தம்" என்று பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி வைத்தார்.

கிராண்ட் கேன்யனில் ஒரு பொட்டலம் மிஞ்சியது. முக்கால் மணி நேரம் தேடினோம். புதிதாகக் கல்யாணமான சாஃப்ட்வேர் பையன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு ரெஸ்ட்ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அங்கிள் நியாயம் எதுவும் கேட்கவில்லை. பொட்டலத்தை அவன் மடியில் வைத்தார். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஆஸ்டின் போகும் வழியில் நடந்ததுதான் உச்சம். வரிசையில் நின்றால் என்னவோ கொடுக்கிறார்கள் என்று ஒரு வெள்ளைக்கார லாரி டிரைவரும் வந்து நின்று ஒரு பொட்டலம் வாங்கிப் போய்விட்டார். கடைசியாக ஏறவந்த பொட்டலம் ஆன்ட்டிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. கூலர் காலி.

"எனக்கு எங்கேங்க?"

அங்கிள் கூலரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "கணக்குப்படி நீ இங்க இல்லையே!"

"இல்லாமத்தான் உங்ககூட இருபது வருஷம் குப்பை கொட்டறேனா?" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த மனிதர் இரண்டாயிரமாவது வருஷம் எங்களைக் கப்பலில் ஏற்றினார். கால்வெஸ்டனில் ஏறினால் மெக்சிகோ போய்த் திரும்பலாம். பதினோரு குடும்பம். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த என் அப்பாவையும் கூட்டிக்கொண்டேன். அப்பா முதுகுளத்தூர்ப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது எழுபது. வலது காது பெயருக்குத்தான்.

எனக்கு உள்ளூர உதறல். க்ரீன் கார்டுக்குப் போட்டிருந்த நேரம் அது. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை தேதி முடிந்துபோயிருந்தது. "அதே கப்பலில் போய் அதே கப்பலில் திரும்பினால் பிரச்சினை இல்லை. நடுவில் எங்கும் மாட்டிக்கொள்ளாதே" என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கப்பலைத் தவறவிட்டால் கையில் ஒரு காகிதமும் இருக்காது. அந்தக் கவலையில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் அங்கே சோறு இல்லை, பாஸ்தாதான்.

சோறில்லாத கப்பலில் புளியோதரை எப்படி என்று கேட்பீர்கள். புளிக்காய்ச்சலை ஜாடியில் கொண்டுவந்துவிட்டார் அங்கிள். கப்பல் அடுப்படியில் ஒரு கோவாக்காரரைச் சிநேகிதம் பிடித்து, இரண்டு பெரிய அலுமினிய ட்ரே நிறைய வெறும் சோறு வாங்கினார். கேபினில் கட்டிலின்மேல் பிளாஸ்டிக் விரித்துக் கலந்தார். அன்று காலை அந்தத் தளம் முழுக்கப் பெருங்காய வாசனை.

நாங்கள் இறங்கிய துறைமுகத்தின் பெயர் இன்னமும் என் வாயில் நுழையாது. கப்பல் டூர் புத்தகத்தின் அட்டைப்படத்தில் தென்னை மரமும் நீலக் கடலும் போட்டிருந்தார்கள். நேரில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த நீளமான பாலம், அதன் முடிவில் ஒரு சர்ச், நாலு பெட்டிக்கடை, வெயிலில் படுத்திருந்த பத்து நாய். அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் முள்ளும் கற்றாழையும்.

அப்பா பாலத்தின் முனையில் நின்று சுற்றிலும் பார்த்தார். "அடேய், இது நம்ம முதுகுளத்தூருடா! இதைக் காட்டவா கப்பல்ல ஏத்திக் கூட்டியாந்தே?"

ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அமெரிக்கா வந்த இரண்டு மாதத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று என் மனைவி கப்பலிலேயே இருந்துவிட்டாள். குழந்தைகளை வைத்துக்கொண்டு இன்னும் சிலரும் இறங்கவில்லை. மீதி முப்பத்தோரு பேர், முப்பத்தோரு பொட்டலம். கப்பல்காரர்களுடைய டூர் பஸ்ஸில் கூலருக்கு இடமில்லை என்றதும், அங்கிள் வெளியில் தனி பஸ் பிடித்துவிட்டார். அங்கேதான் வினை. கப்பல்காரர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். நாமாகப் பிடித்த பஸ்ஸுக்கு நிற்காது. ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும்.

உள்ளே போய்ப் பழைய கல் கட்டடங்களைப் பார்த்தோம். திரும்பும் வழியில், பாத்ரூமுக்காக ஒரு குக்கிராமத்தில் நிறுத்தினோம். ஏறும்போது வழக்கம்போலப் பொட்டலம். நான் முதல் ஆளாக வாங்கிக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து பிரித்தேன். மூன்று நாள் பசி. இரண்டு நிமிஷத்தில் தாள்தான் மிச்சம்.

தாளை எறியக் கீழே இறங்கினேன். திரும்ப ஏறும்போது அங்கிளின் கை நீண்டது. கையில் ஒரு பொட்டலம்.

"நான் வாங்கிட்டேன் அங்கிள்" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மூக்கு முந்திக்கொண்டது. வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டேன். பெரியவர்களெல்லாம் முன்பக்கம் உட்காருவது வழக்கம், அப்பாவும் அங்கே இருப்பார் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன். கூலர் காலியாகி விசில் ஊதியது எனக்குக் கனவு மாதிரி கேட்டது.

மூன்று மணிக்குத் துறைமுகம். பஸ் வாசலில் அப்பாவுக்காக நின்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். டிரைவரும் இறங்கினார். அப்பா இல்லை.

எழுபது வயது, பாதிக் காது, தமிழைத் தவிர ஒரு பாஷை தெரியாது, பாஸ்போர்ட் கப்பலில். முக்கால் மணி தூரத்தில் முள்காட்டில் நிற்கிறார்.

"அதெப்படி?" என்று அங்கிள் கூலரைத் திறந்து எனக்குக் காட்டினார். "காலியா இருக்கே!"

எனக்குப் புரிந்துவிட்டது. நான் தின்றது அப்பாவை. சொல்லவந்தேன். அங்கிள் அதற்குள் ஒரு டாக்ஸியை நிறுத்தியிருந்தார். நானும் ஏறப் போனேன். மார்பில் கையை வைத்துத் தள்ளினார்.

"நீ எங்க வர்ற? கப்பல் போயிடுச்சுன்னா உன் வேலை, க்ரீன் கார்டு, எல்லாம் போச்சு. உள்ள பொண்டாட்டி குழந்தை இருக்கு. நான் சிட்டிசன். எனக்கு ஒண்ணும் ஆகாது. ஏறு கப்பல்ல!"

"அப்பாவுக்கு உங்களை சரியாத் தெரியாது அங்கிள். கூப்பிட்டா காதும் கேக்காது."

"கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். போ!"

போனேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், போய்விட்டேன். கப்பல் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பொட்டலம் ஆன்ட்டி.

"கவலைப்படாதப்பா. அவர் இதுவரைக்கும் யாரையும் விட்டுட்டு வந்ததில்ல" என்றார். தன் கையில் இருந்த கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து கயிறாக்கியிருந்தார்.

நாலரை. கடைசி ஆட்கள் ஏறினார்கள். நாலே முக்கால். முதல் சங்கு ஊதியது. பாலம் காலி. கீழே இறங்கிவிடலாம் என்று நான் படிக்கட்டுக்குத் திரும்பியபோது ஆன்ட்டி கத்தினார்: "அதோ!"

பாலத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி புழுதி பறக்க வந்தது. முன் சீட்டில், கவர்னர் மாதிரி, அப்பா. பின்னால் திறந்த பகுதியில் ஏழெட்டு ஆடுகள். ஆடுகளுக்கு நடுவில் விசிலை விடாமல் ஊதிக்கொண்டு பொட்டலம் அங்கிள். சட்டை முழுக்க ரத்தமும் சளியும். ஏணியை எடுக்க வந்த ஆள் அதைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினான். அங்கிள் அப்பாவை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகுதான் தான் ஏறினார்.

நான் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கிடா ஒண்ணு, பெட்டை ஒண்ணு. தாயும் நல்லாருக்கு."

நடந்தது இதுதான். பாத்ரூம் போன அப்பா, கொல்லைப் பக்கம் ஓர் ஆடு ஈன முடியாமல் கத்துவதைக் கேட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ், கால் தானாகப் போய்விட்டது. ஆட்டுக்காரர் ஸ்பானிஷில் சொல்ல, இவர் தமிழில் சொல்ல, இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. அங்கிள் போய்ச் சேர்ந்தபோது குட்டி குறுக்கே மாட்டியிருந்தது. "சார், கப்பல் போயிடும்!" என்று அங்கிள் அப்பாவின் காதில் கத்த, "கப்பல் கெடக்கட்டும், காலைப் பிடிங்க!" என்றாராம் அப்பா. தும்மினாலே மூன்று முறை கை கழுவும் அங்கிள், இருபது நிமிஷம் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். வாடகை டாக்ஸிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட, ஆட்டுக்காரரே வண்டியை எடுத்திருக்கிறார்.

இவ்வளவு செய்தவரைப் பற்றி அப்பா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னது என்ன தெரியுமா? "எண்ணத் தெரியாத ஆளெல்லாம் எதுக்குடா ஊரைக் கூட்டிக்கிட்டு வர்றாரு?"

அன்று சாயந்திரம் சாப்பாட்டு ஹாலில் அங்கிள் எழுந்து நின்றார். குளித்து, விபூதி பூசி, சட்டை மாற்றியிருந்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். பொட்டலம் ஒண்ணு கம்மியாக் கட்டிட்டேன். அதான் கூலர் காலியானதும் ஆள் முழுசுன்னு நெனச்சுட்டேன். என் கணக்கு தப்பு."

தன் கணக்கு தப்பென்று அந்த மனிதர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெண்டாட்டியையே இல்லை என்று சொன்னவர். அப்பா "ம்" என்று தலையாட்டினார். நான் சூப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழை.

மறுநாள் காலை மேல்தளத்தில் அவர் தனியாக நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு சுற்று கூடவே நடந்தேன்.

"அங்கிள், ரெண்டு பொட்டலம் சாப்பிட்டது..."

"தெரியும்" என்றார்.

நின்றுவிட்டேன். "தெரியுமா?"

"ரெண்டாவது தடவை நீ ஏறும்போது கை மஞ்சளா எண்ணெயா இருந்துச்சு. நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்தேன். மூணு நாளாச் சாப்பிடாத மூஞ்சி. பாவம், பசிக்குது போலன்னு கொடுத்துட்டேன். பதினஞ்சு வருஷத்துல நேத்துதான் பொட்டலத்தை விட்டுட்டு ஆளைப் பார்த்தேன். கணக்கு மறந்துபோச்சு. அப்ப தப்பு என்னோடதுதானே?"

"அப்பாகிட்ட நான் சொல்லிடறேன் அங்கிள். உங்களைத் தப்பா நினைச்சுட்டு இருக்கார்."

"சொல்லாத. ஊருக்குப் போனா என்னை மறந்துடுவார். உன்னை மறக்க முடியாது. அப்பன் சோத்தைத் தின்னுட்டு அப்பனையும் விட்டுட்டு வந்தான்னு ஒரு நெனப்பு அவருக்கு எதுக்கு?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது. அவர் கொஞ்ச தூரம் போய்விட்டு, என்னவோ ஞாபகம் வந்தவராகத் திரும்பி வந்தார்.

"அது சரி, அவசரத்துல கலந்தேன், உப்பு பார்க்கல. நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு அங்கிள்" என்றேன்.