நாலாம் வானம் டாக்டரும் என்னைக் கடித்த நாயும்

ஊசி போடுவதற்கு முன் நோயாளியைப் பாரசீகத்துக்கு அனுப்பிவிட்டு, போட்டு முடித்த பிறகே ஆவடிக்குத் திருப்பி அழைத்துக்கொள்ளும் மருத்துவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் கிளினிக் பலகையில் இருக்கிறது. அதை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. ஆவடிப் பக்கத்துப் பருத்திப்பட்டு முழுக்க அவர் 'நாலாம் வானம்'.

இளமையில் ஈரானில் ஏதோ ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் அங்கிருந்து கம்பளமும் குங்குமப்பூவும் கொண்டுவந்தார்கள். இவர், பைபிள் மனிதர்களுக்குப் பாரசீக உடை மாட்டிக் கூட்டி வந்தார்.

சர்ச்சில் அவருக்கு முதல் வரிசை. பாஸ்டருக்கு அவரைக் கண்டாலே வியர்க்கும். ஒருமுறை தெரியாத்தனமாகப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேச அழைத்துவிட்டார்கள். யோசேப்பின் அங்கியைப் பிடித்து இழுத்த போத்திபாரின் மனைவிக்கு நம் பைபிள் ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை. பாரசீகக் கவிஞர்களோ பெயர் வைத்து, கனவில் காதல் வரவழைத்து, கிழவியாகிக் கண் மங்கியவளுக்கு இளமையைத் திருப்பிக் கொடுத்து, கடைசியில் யோசேப்புக்கே கட்டியும் வைத்தார்கள் என்று இவர் சொல்லச் சொல்ல, கூட்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார் பிரச்சினை ஏதாவது உண்டா டாக்டர்?" என்றார் ஓர் அக்கா.

"இல்லம்மா. யோசேப்போட அம்மா ராகேல் முன்னாடியே போய்ச் சேந்துட்டா."

"குடுத்து வச்சவ!"

பாஸ்டர் அவசரமாக முடிவு ஜெபத்துக்குத் தாவிவிட்டார்.

கிளினிக்கில் இன்னும் மோசம். ஊசியை வெளிச்சத்தில் உயர்த்திக் காற்றுக் குமிழைத் தட்டியபடி ஆரம்பிப்பார். "இயேசு மேல ஏறிப் போறார். நாலாம் வானத்துல தேவதூதருங்க நிறுத்திச் சோதனை போடறாங்க. அங்கியில ஏதோ மின்னுது. பூமியோட சாமான் ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இனிமே மேல போக முடியாதுன்னு அங்கயே நிறுத்திட்டாங்க. என்ன சாமான் தெரியுமா? ஒரு ஊசி!" அந்தச் சொல்லில் ஊசி உள்ளே போயிருக்கும்.

கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் பாய் இதற்காகவே படியேறி வருவார். "டாக்டரே, எங்க நபி சொன்ன ஹதீஸ்ல உங்க இயேசு, அதான் ஈசா நபி, ரெண்டாம் வானத்துல கீறாரு. நீங்க இன்னாத்துக்கு ரெண்டு மாடி ஏத்தி வுடுறீங்க?"

"அது ஹதீஸ் பாய். இது கவிதை. நாலாம் வானம் சூரியனோடது. கவிஞன் அவருக்குச் சூரியன் பக்கத்துல ஊடு புடிச்சுக் குடுத்தான்."

"அப்ப கவிதைன்னு சொல்லிட்டுச் சொல்லுங்க. இந்த மாதிரி பழைய கதைங்கள்ல எத ஏத்துக்கலாம், எதத் தள்ளணும்னு மார்க்கம் படிச்ச எங்க ஆலிமுங்க ஆயுசு பூரா உக்காந்து பிரிச்சுகினு இருந்தாங்க. நீங்க ஒரே ஊசில எல்லாத்தையும் கலக்கிடுறீங்க."

நான் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவன். ஒரு காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போனபோது, செம்பட்டை நாய் ஒன்று ஓசையே இல்லாமல் வந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. அன்றோடு சிரிப்பு நின்றது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவும்போதே கைபேசியில் படிக்கத் தொடங்கிவிட்டேன். மற்றவர்களுக்கு வெறும் நாய்க்கடி. நிறையப் படிக்கிறவனுக்கு நாய்க்கடியோடு மரணத்தின் முழு வர்ணனையும் கிடைக்கும். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுமாம். அதைப் படித்த நிமிடமே எனக்கு இறுகியது.

டாக்டர் முதல் ஊசியை நாலாம் வானத்தோடு போட்டார். "தவணை தவறாம வந்துடுங்க எழுத்தாளரே. அந்த நாயையும் கொஞ்ச நாள் பாக்கணும். அது நல்லபடியா சுத்திக்கிட்டிருந்தா நமக்கு நிம்மதி."

அதன்பின் தினமும் காலையில் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, என்னைக் கடித்த நாயை நலம் விசாரிக்கப் போனேன். பிஸ்கட் போட்டேன். என் ஆயுள் ரேகை அதன் வாலில் ஆடிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நான் அத்தனை உருக்கமாக நீண்ட ஆயுள் வேண்டியதில்லை.

ஒரு நாள் நாய் இல்லை. மறுநாள் இருந்தது, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், செத்து. சுற்றிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிறு கூட்டம்.

டாக்டர் கூட்டத்தை விலக்கிக் கிட்டே போய்க் குனிந்தார். டார்ச் அடித்து அதன் வாயையே பார்த்தார்.

"யோவ் பெருசு, நாத்தம் கொடலப் புடுங்குது. நீ இன்னா பல்லு புடுங்கவா வந்துகீற?" என்றார் தண்ணீர் கேன் போடுகிறவர்.

டாக்டர் நிமிரவில்லை. "பாரசீகத்துல ஒரு கதை. கடைத்தெருவுல நாய் ஒண்ணு செத்துக் கெடக்கு. ஒருத்தன் நாத்தங்கறான், ஒருத்தன் தரித்திரங்கறான். அந்த வழியா வந்த இயேசு மட்டும், 'இதோட பல்லப் பாருங்க, முத்துகூட இவ்வளவு வெள்ளையா இருக்காது'ன்னாராம்."

மருந்துக்கடை பாயும் கூட்டத்தில் நின்றிருந்தார். "இது பைபிள்லயும் இல்ல, குர்ஆன்லயும் இல்ல, டாக்டரே."

"இல்லதான் பாய். அதான் ரெண்டு பக்கமும் சண்டைக்கு வரமாட்டீங்க."

"முத்தோ பவழமோ," என்றார் தண்ணீர் கேன்காரர், என் காலைக் காட்டி, "அந்தப் பல்லுதான் இந்த அண்ணாத்தேவக் கடிச்சிக்கீது."

இத்தனை நூற்றாண்டுகளில் அந்தக் கதையைக் கேட்டவர்களில், அந்தப் பற்களின் கையொப்பத்தைக் காலில் வாங்கிக்கொண்டு நின்று கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"லாரி அடிச்சிருக்கும்," என்றார் டாக்டர் என்னிடம். நாயின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்கூட்டர் சாவி துவாரத்தில் நுழைய மறுத்துக்கொண்டேயிருந்தது.

அடுத்த தவணை ஊசியைக் கதை இல்லாமலே போட்டார்.

"டாக்டர்... நாலாம் வானம்?" என்றேன்.

"கைய ஆட்டாதீங்க."

கீழே பாய் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா சார், இன்னிக்கு வானம் ஏறலியா?"

"இல்ல பாய்."

அவர் கல்லாவை மூடிவிட்டு, உள்ளங்கைகளை ஏந்தி எனக்காக வேண்ட ஆரம்பித்தார். அதைவிடப் பயங்கரமான காட்சியை நான் கண்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் டாக்டரின் அழைப்பு வந்தது. "தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எறங்குச்சா?"

"எறங்குச்சு." வைத்துவிட்டார். தினமும் இவ்வளவுதான். ஊசிகள் முடிந்தன. பயம் முடியவில்லை. நான் உயில் எழுத நினைத்து, எழுத ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்து போனது. அழைப்பு மட்டும் நிற்கவில்லை.

கடிபட்டு ஒரு வருடம் முடிந்த காலை. "எறங்குச்சா?"

"எறங்குச்சு டாக்டர்."

மறுமுனையில் வைக்கும் சத்தம் கேட்கவில்லை. நெடுநேரம் அடக்கிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. பிறகு அவர் குரல்: "எழுத்தாளரே, சாலொமோன் ராஜாவோட படை வர்றதப் பாத்து ஓர் எறும்பு பயந்துபோய்க் கத்துச்சாம், தெரியுமா?"

நான் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி அந்தக் கேள்விக்கு மருத்துவ அவசியம் ஏதும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் தினமும் விடிந்ததும் கூப்பிடுகிறார். அந்த அழைப்பு வரும்வரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.