வயலுக்கு வந்த அரசு ஊழியர்கள்

எங்கள் ஷிமென்வான் ஊர் நெல்லை அந்த வருஷம் கொள்முதல் நிலையம் மூட்டையோடு திருப்பி அனுப்பியது. மேட்டுச் சுரங்கத்துத் தண்ணீரில் இருந்த காட்மியம் என்ற உலோகம் மண்ணில் இறங்கி, அரிசிக்குள்ளும் ஏறிவிட்டதாம். அதற்குப் பரிகாரமாக வட்டார அதிகாரி குவாங் ஒரு நீலப் பீப்பாயைக் கொண்டுவந்து எங்கள் ஊர் விவசாயி யு கெய்ஷியாங் அக்காவிடம் ஒப்படைத்தார். உள்ளே பாக்டீரியா. காட்மியத்தை மண்ணிலேயே கெட்டியாகப் பிடித்துவைத்து, வேருக்குள் போகாமல் தடுக்குமாம். அக்கா முழங்கால் சேற்றில் நின்று தன் வயல் முழுக்க ஊற்றினாள்.

நான்காம் நாள் மத்தியானம் அதே குவாங் மருந்து தெளிக்க நாலு ஆட்களோடு வரப்பில் வந்து நின்றார். ‘கிருமியற்ற கிராமம்’ திட்டம்.

"என்னய்யா இது? நீங்கதானே பீப்பாயைக் குடுத்தீங்க!"

"அது காலையில வர்ற வேளாண்மை அதிகாரி, அக்கா. ஆள்குறைப்புல ரெண்டு பதவியும் எனக்கே வந்திருச்சு. மத்தியானத்துக்கு மேல நான் சுகாதாரம்."

"அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கடிதம் போட்டேன். மூணு நாளா பதில் இல்ல. திமிரு புடிச்ச ஆளு."

"காலையில நானே கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் தெளிக்காதீங்க."

மறுநாள் எட்டு மணிக்கே அக்கா அலுவலகத்தில் நின்றாள். "ஐயா, மத்தியானம் வர்ற ஆளு உங்க பாக்டீரியாவைக் கொல்லப் பாக்கறாரு."

குவாங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த சுகாதாரமா? அவனை எனக்கு மொதல்லேர்ந்தே ஆகாது!"

உடனே ஆணை பிறந்தது: "மேற்படி பாக்டீரியாக்கள் யாவும் இன்று முதல் அரசு ஊழியர்களாகக் கருதப்படுவர், அவர்தம் பணிக்குக் குந்தகம் விளைவிப்போர் தண்டனைக்குரியர்."

மத்தியானம் அந்த ஆணையை அவரே இரண்டு தரம் படித்தார். "கையெழுத்து சரியாத்தான் இருக்கு" என்று பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனார்.

அரசு ஊழியர் என்றால் வருகைப் பதிவேடு வேண்டுமே? ஒரு எழுத்தர் பூதக்கண்ணாடியோடு வந்தார். ஒரு கரண்டிச் சேற்றிலேயே பல கோடிப் பேர். படிவத்தில் ஆறு கட்டம்தான். "ஏனையோர்" என்று எழுதி முடித்தார். திங்கள்தோறும் வரப்பில் ஒலிபெருக்கி வைத்துச் சுற்றறிக்கை வாசித்தார்கள். தவளைகள் மட்டும் மறுப்புத் தெரிவித்தன.

அறுவடை முடிந்து பரிசோதனைச் சீட்டு வந்தது. அரிசி சுத்தம்! அக்கா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். ஊரே பட்டாசு வெடித்தது.

சேதி மாவட்டத்துக்கு எட்டியது. ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத, ஒரு தேநீருக்குக்கூடக் கை நீட்டாத ஊழியர்களை அரசு அதுவரை கண்டதில்லை. பாக்டீரியாக்களுக்கு மாவட்ட அலுவலகத்துக்கே பதவி உயர்வு வந்தது. நாலு லாரிகள் வயலின் மேல்மண்ணை வழித்து ஏற்றின; மாவட்ட அலுவலகப் பூந்தொட்டிகளில் நிரப்புவதற்காக.

"ஐயா, இனி என் வயல்ல யாரு வேலை பாக்கறது?" அக்கா லாரி பின்னாலேயே ஓடினாள்.

"காலிப்பணியிடம் அறிவிப்போம்கா!" என்று லாரியிலிருந்து குவாங் கத்தினார்.

சொன்னபடியே அறிவித்தார்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியம். பணி, மண்ணில் காட்மியம் பிடித்தல். விதைக்க மண் இல்லாத கெய்ஷியாங் அக்காதான் வரிசையில் முதல் ஆள். பின்னால் ஊரே நின்றது. நானும் நின்றேன்.

என் முறை வந்ததும் குவாங் கேட்டார்: "காட்மியம் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"முன் அனுபவம்?"

"இருபது வருஷமா இந்த ஊரு அரிசியைத்தான் திங்கறேன்யா."

எழுந்து நின்று கைகுலுக்கினார். அன்றே நியமன ஆணை கிடைத்தது.